மேசியா: ஒரு சொல், மூன்று நம்பிக்கைகள்

குமரி மாவட்டத்தின் வடமேற்கு எல்லையைக் கடந்து கேரளத்துள் கால் வைக்கும் இடத்தில், மலையடிவாரத்தை ஒட்டி, வெள்ளறடை என்னும் ஊர் உள்ளது. ஆட்சி முறையால் அது நெய்யாற்றின்கரை வட்டத்தைச் சேர்ந்தது. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் மொழிவழி திருத்தியமைக்கப்பட்டபோது, தெற்கே தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் தமிழ் மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றுவிட்டது. ஆகவே எங்கள் பகுதியில் பலருக்கு வீட்டு மொழி தமிழ். பள்ளிக்கூட மொழி மலையாளம். சந்தை மொழி இரண்டும் கலந்த ஒன்று. எல்லையில் வாழ்பவர்க்குச் சொற்களின்மீது ஒரு தனிக் கவனம் உண்டாகிறது. ஒரே சொல் இந்தப் பக்கம் ஒரு பொருளும் அந்தப் பக்கம் வேறு பொருளும் தருவதை அவர்கள் நாள்தோறும் காண்கிறார்கள்.

அத்தகைய சொற்களுள் ஒன்று ‘பள்ளி’. தமிழில் அது முதலில் துயிலும் இடத்தைக் குறித்தது. பின்னர்ச் சமண, பௌத்தத் துறவியர் தங்கிய இடத்தைக் குறித்தது. அவர்கள் அங்கே கல்வி புகட்டியமையால் பள்ளிக்கூடம் ஆயிற்று. இறந்த மன்னர்க்கு எழுப்பிய கோயிலைப் பள்ளிப்படை என்றனர். இசுலாமியர் தொழுமிடம் பள்ளிவாசல் ஆனது. மலையாளமோ இன்னும் தாராளமானது. கிறித்தவர் கோயிலும் பள்ளி, இசுலாமியர் கோயிலும் பள்ளி, கொச்சி மட்டாஞ்சேரியில் 1568-இல் எழுந்த யூதர் கோயிலும் பள்ளியே. மூன்று சமயத்தார்க்கும் ஒரே சொல்லை வழங்கிய மண் இது.

இது வெறும் சொல்லொற்றுமை அன்று என்பதற்குச் செப்பேடே சான்று கூறும். கொல்லத்தில் இருந்த தரிசாப்பள்ளி என்னும் கிறித்தவக் கோயிலுக்கு வேணாட்டு மன்னர் அய்யனடிகள் திருவடிகள் நிலமும் உரிமைகளும் வழங்கிய ஆவணம் கி.பி. 849-ஆம் ஆண்டைச் சார்ந்தது. வட்டெழுத்தில் பொறிக்கப்பட்ட அச்செப்பேட்டின் இறுதியில் அயல்நாட்டு வணிகர் பலர் சாட்சிக் கையொப்பம் இட்டுள்ளனர். சிலர் அரபு எழுத்தில், சிலர் பழம்பாரசீகப் பகலவி எழுத்தில், சிலர் எபிரேய எழுத்தில் தம் பெயரைப் பொறித்தனர். கிறித்தவர் கோயிலுக்கு இசுலாமியரும் யூதரும் சாட்சி நின்றனர் என்பது இதனால் புலனாகும். ஏறத்தாழ கி.பி. 1000-இல் சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மர் யூதர் தலைவர் ஜோசப் ரப்பானுக்கு வழங்கிய செப்பேட்டிலோ, சாட்சிகளுள் ஒருவராக வேணாட்டு அரசர் கோவர்த்தன மார்த்தாண்டர் காணப்படுகிறார். எங்கள் ஊரும் பின்னாளில் அடங்கியிருந்த வேணாடு அது.

அன்று கையொப்பமிட்ட அவர்கள் ஒரு வினாவில் மட்டும் ஒருநாளும் உடன்பட்டிருக்க முடியாது. உலகை நேர்செய்ய இறைவனால் அனுப்பப்படும் மேசியா யார், அவர் வந்துவிட்டாரா, இனித்தான் வருவாரா என்பதே அவ்வினா. உடன்படாமலேயே ஒருவர்க்கொருவர் சாட்சி நிற்க அவர்களால் இயன்றது. அந்த இயல்பைப் பற்றியே இக்கட்டுரையில் எண்ணிப் பார்க்க விரும்புகிறேன்.

இவ்வெண்ணத்தைத் தூண்டியவன் என் பேரன். அவன் பிறந்ததும் வளர்வதும் மும்பையில். அவனுக்கு ஓர் இசுலாமியத் தோழன் உண்டு. ஒருநாள் தொலைபேசியில் என்னை அழைத்து, “தாத்தா, அவர்கள் எதிர்பார்ப்பவர் அந்திக்கிறிஸ்துவாமே? அவனோடு நான் பழகலாமா?” என்று கேட்டான். யாரோ ஒருவர் கைப்பேசியில் பேசிய காணொளி அவனை இப்படிக் கலங்கச் செய்திருந்தது. அவனுடைய தோழனுக்கும் வேறொரு காணொளி கிடைத்திருக்கக்கூடும். யூதர் எதிர்பார்ப்பவனே தஜ்ஜால் என்னும் பொய்யன் என்று அதில் ஒருவர் முழங்கியிருக்கக்கூடும். ஒருவர் காத்திருக்கும் மீட்பரை மற்றவர் காத்திருக்கும் பகைவனாகக் காட்டும் பேச்சு இன்று எளிதில் பரவுகிறது. 2023-ஆம் ஆண்டு அக்டோபருக்குப் பின் எருசலேமைச் சூழ்ந்த மண்ணில் சிந்திய குருதி அப்பேச்சுக்கு எண்ணெய் வார்த்தது. பத்து வயதுச் சிறுவன் ஒருவன் ஒரு தோழனை இழக்கும் நிலைக்கு வந்துவிட்டான் என்றால், இதனை இறையியல் அறிஞர் மட்டும் பேசவேண்டிய பொருள் என்று ஒதுக்க இயலாது.

முதலில் சொல்லை நோக்குவோம். ‘மாஷியா’ என்னும் எபிரேயச் சொல்லுக்கு எண்ணெய் பூசப்பெற்றவர் என்பது பொருள். நம் மன்னர்கள் புனித நீராடி முடிசூடினர். பண்டை இசுரவேல் மன்னர்களின் தலையில் ஒலிவ எண்ணெய் வார்க்கப்பட்டது. சவுலும் தாவீதும் அவ்வாறே மன்னராயினர். குருமாரும் எண்ணெய் பூசப்பெற்றனர். யூதரைச் சிறைமீட்டு அனுப்பிய பாரசீக மன்னர் கோரேசையும் ஏசாயாவின் நூல் அப்பெயரால் குறிக்கிறது. ஆகவே தொடக்கத்தில் அது ஒரு பதவிப் பெயரே. அதனைக் கிரேக்கத்தில் ‘கிறிஸ்தோஸ்’ என்று பெயர்த்தனர். அதிலிருந்து கிறித்து என்றும் கிறித்தவர் என்றும் பெயர்கள் தோன்றின. அரபு மொழியில் அதுவே ‘மஸீஹ்’. தமிழில் புதிய ஏற்பாட்டைச் சீகன்பால்கு 1714, 1715-ஆம் ஆண்டுகளில் தரங்கம்பாடியில் அச்சிட்டார். புதிய ஏற்பாட்டில் ‘மேசியா’ என்ற வடிவம் யோவான் நற்செய்தியில் இரண்டே இடங்களில் வருகிறது. மற்றெங்கும் கிறித்து என்றே உள்ளது. ஒரே எண்ணெய் மூன்று கலங்களில் வார்க்கப்பட்டது எனலாம். ஆயினும் கலத்திற்குக் கலம் அதன் மணம் வேறு.

யூதர் நம்பிக்கையை நான் நூல்களால் அறிவதற்கு முன்னரே ஒரு தட்டு அவலால் அறிந்தேன். 1970-களில் பிழைப்புத் தேடிப் பம்பாய் சென்றேன். அங்கே என்னோடு பணியாற்றிய ஒருவர் பெனே இசுரேல் என்னும் யூதக் குடியைச் சேர்ந்தவர். மராத்தியைத் தாய்மொழியாகக் கொண்டவர். அம்மக்கள் 1796-இல் அந்நகரில் கட்டிய தொழுகைக்கூடத்தை மஸ்ஜித் என்றே அழைத்தனர். மஸ்ஜித் ரயில் நிலையத்திற்குப் பெயர் வந்ததும் அதனால்தான் என்பர். பள்ளி என்ற சொல்லின் கதையைப் பம்பாயில் வேறு சொல்லில் கண்டேன். அவர் வீட்டில் ஒரு நற்செய்தியை ஒட்டி ‘மலிதா’ என்னும் நன்றிப் படையல் நிகழ்ந்தது. தேங்காய்த் துருவலும் சர்க்கரையும் கலந்த அவல், சுற்றிலும் பழங்கள். எலியா நபியின் பெயரால் வேண்டுதல். மேசியாவுக்கு முன்னோடியாக வந்து அவர் வருகையை அறிவிப்பவர் எலியா என்பது அவர்கள் நம்பிக்கை. நம் வீட்டு அவலைப் போன்றே இருந்த அவ்வவலைக் கையில் வைத்துக்கொண்டு, “உங்கள் மேசியா எப்போது வருவார்?” என்று கேட்டேன்.

“உலகில் போர் ஓய்ந்துவிட்டதா? ஓயவில்லை. ஆகவே அவர் இன்னும் வரவில்லை. உங்கள் இயேசுவின்மீது எனக்கு வெறுப்பில்லை, நான் வேலை முடிந்ததா என்று மட்டும் பார்க்கிறேன்,” என்றார் அவர்.

யூத நம்பிக்கையின் நடு நரம்பை அவர் தொட்டுவிட்டார் என்பதைப் பின்னர் அறிந்தேன். பன்னிரண்டாம் நூற்றாண்டின் பேரறிஞர் மைமோனிடசு யூத நம்பிக்கையைப் பதின்மூன்று கொள்கைகளாக வகுத்தார். அவற்றுள் பன்னிரண்டாவது மேசியாவின் வருகை பற்றியது. அவர் காலம் தாழ்த்தினும் காத்திருக்க வேண்டும் என்பது அதன் கருத்து. அவருடைய விளக்கத்தின்படி மேசியா தாவீதின் வழிவரும் மனிதரே, கடவுள் அல்லர். அவர் அற்புதங்கள் செய்து காட்ட வேண்டியதில்லை. கி.பி. 70-இல் உரோமர் அழித்த எருசலேம் கோயிலை மீண்டும் எழுப்பவேண்டும். சிதறிய மக்களை ஒன்றுசேர்க்க வேண்டும். இப்பணியை முடிக்காமல் இறப்பவர் மேசியா அல்லர். இக்காலச் சீர்திருத்த யூதருள் பலர் தனி ஒரு மனிதரை எதிர்பாராமல், நீதியும் அமைதியும் நிலவும் ஒரு காலத்தையே எதிர்பார்க்கின்றனர்.

இனி நான் பிறந்த வீட்டின் நம்பிக்கை. இலண்டன் மிசன் சபையின் முதல் தொண்டர் ரிங்கல்தௌபே 1806-இல் தென்திருவிதாங்கூர் வந்தார். அவர் மயிலாடியில் ஊன்றிய பணியின் கிளைகள் எங்கள் பகுதிவரை பரவின. அச்சபையின் வழிவந்த குடும்பம் எங்களுடையது. கிறித்தவரின் நம்பிக்கை இது: மேசியா வந்துவிட்டார், அவர் நாசரேத்தூர் இயேசு, மனிதராய்ப் பிறந்த இறைமகன், மாந்தரின் பாவத்திற்காகச் சிலுவையில் மாண்டு மூன்றாம் நாள் உயிர்த்தார், உயிரோடிருப்பவரையும் இறந்தவரையும் நியாயந்தீர்க்க மீண்டும் வருவார். வாளேந்திய மன்னரை எதிர்பார்த்த மக்களுக்குச் சிலுவையில் தொங்கிய மன்னர் பெரும் இடறலாக இருந்தார். கிறித்தவருக்கோ அதுவே நற்செய்தியாயிற்று. வெள்ளறடையை அடுத்த குரிசுமலையில் 1957-இல் சிலுவை நாட்டப்பட்டது. அன்றுமுதல் தவக்காலம் தோறும் கத்தோலிக்க மக்கள் பங்குனி வெயிலில் அம்மலைமீது ஏறுகின்றனர். துன்புற்ற மேசியாவைப் பின்பற்றுதல் என்பதை அவர்கள் கால்கள் அறியும்.

என் பம்பாய் நண்பர் எழுப்பிய வினாவுக்குக் கிறித்தவர் தரும் விடை இரண்டு வருகைகள் என்பதே. முதல் வருகையில் வேலை தொடங்கியது. இரண்டாம் வருகையில் முடியும். ஆகவே கிறித்தவரும் காத்திருப்பவரே. கிறித்தவ மரபில் இறந்தவரின் கால்கள் கிழக்கு நோக்க உடலைக் கிடத்துவர். வருபவரை எதிர்கொள்ள எழும்போது முகம் கிழக்கே இருக்கவேண்டும் என்பது அதன் கருத்து. எருசலேமின் ஒலிவமலைச் சரிவில் யூதர் கல்லறைகள் பழைய கோயில் இருந்த குன்றை நோக்கிக் கிடக்கின்றன. இசுலாமியர் உடலை வலப்பக்கமாகச் சாய்த்து, முகம் கஅபாவை நோக்குமாறு அடக்குவர். எங்கள் ஊரிலிருந்து அது மேற்றிசை. உயிர்த்தெழும் நாளை எதிர்நோக்கி மூவரும் துயில்கின்றனர். பள்ளி என்னும் சொல்லின் பழைய பொருள் இங்கே தானாகவே பொருந்துகிறது.

இசுலாமியர் நம்பிக்கையை நான் கற்ற இடம் எங்கள் வீட்டுத் திண்ணை. என் தந்தை பள்ளி ஆசிரியர். பனச்சமூட்டுச் சந்தையில் நல்லமிளகும் பாக்கும் வாங்கி விற்ற சாயிபு ஒருவர் அவருக்கு நண்பர். சந்தை நாட்களில் வணிகம் முடிந்ததும் திண்ணையில் வந்து அமர்வார். அவர் தந்தையைச் “சாரே” என்பார். தந்தை அவரைச் “சாயிபே” என்பார். தக்கலை பீர்முகம்மது அப்பாவின் ஞானப் பாடல்களில் தொடங்கும் பேச்சு எப்படியோ ஈஸா நபியில் வந்து நிற்கும்.

சாயிபு வாயிலாக நான் அறிந்தவை வருமாறு. குர்ஆன் இயேசுவை மஸீஹ் என்றே அழைக்கிறது. அவர் கன்னி மர்யமிடம் பிறந்தவர். குர்ஆனில் பெயர் சுட்டப்பெறும் ஒரே பெண் அவ்வம்மையார். அவர் பெயரால் ஓர் அத்தியாயமே உண்டு. ஈஸா நபி இறையருளால் நோயாளரைக் குணமாக்கினார், இறந்தோரை எழுப்பினார். ஆயினும் அவர் இறைவனின் அடியார், தூதர், மகன் அல்லர். அவரைப் பகைவர் கொல்லவுமில்லை, சிலுவையில் அறையவுமில்லை. அவர்களுக்கு அவ்வாறு தோன்றியது. இறைவன் அவரைத் தன்னளவில் உயர்த்திக்கொண்டான். இறுதிக் காலத்தில் அவர் மீண்டும் இறங்குவார். நபிமொழிகளின்படி அவர் இறங்குமிடம் தமாஸ்கு நகரின் கிழக்கே உள்ள வெண்ணிறக் கோபுரம். அந்நகரின் உமையாப் பள்ளிவாசலில் ஈஸா பெயரால் ஒரு கோபுரம் இன்றும் உண்டு. அவர் தஜ்ஜாலை வெல்வார், நீதியோடு ஆள்வார், பின்னர் எல்லா மனிதரையும்போல் இறப்பார். மதீனாவில் நபிகள் நாயகத்தின் அடக்கத்தருகே அவருக்கு இடம் உண்டு என்பதும் மரபு. மஹ்தி என்பவர் வேறு. அவர் நபிகளின் வழித்தோன்றலாக வரும் நேர்வழித் தலைவர். சியா பிரிவினர் மறைந்திருக்கும் பன்னிரண்டாம் இமாமே மஹ்தி என்பர்.

தந்தைக்கும் சாயிபுக்கும் இடையே வழக்கு ஓய்ந்ததே இல்லை. சிலுவை இல்லையேல் மீட்பு இல்லை என்பார் தந்தை. தான் அனுப்பிய தூதரை இறைவன் பகைவர் கையில் விட்டுவிடுவானா என்பார் சாயிபு. ஆனால் அவர்களுக்குள் ஒரு விதி இருந்தது. மறுத்துப் பேசத் தொடங்குமுன் எதிரே இருப்பவர் கருத்தைத் தம் வாயால் கூறவேண்டும். அவர் “ஆம், அதுதான்” என்று தலையசைத்த பின்னரே மறுக்கலாம். சில நாட்களில் அந்தத் தலையசைப்பைப் பெறுவதற்குள்ளேயே பொழுது சாய்ந்துவிடும்.

இவ்விதிக்கு ஒருமுறை விலை கொடுக்கவும் நேர்ந்தது. சந்தையில் வெளியூர்ப் பேச்சாளர் ஒருவர் ஒலிபெருக்கி வைத்து, இசுலாமியர் இயேசுவை இழிவு செய்பவர்கள் என்று பேசினார். கூட்டத்தில் நின்ற தந்தை முன்னே சென்று, “ஐயா, அவர்கள் இயேசுவைக் கன்னியின் மகன் என்றும் மஸீஹ் என்றும் மதிக்கிறார்கள், மீண்டும் வருவார் என்றும் நம்புகிறார்கள். சிலுவையைப் பற்றி எனக்கும் அவர்களுக்கும் பெரும் வேறுபாடு உண்டு. அதைப் பேசுங்கள்; இல்லாததைப் பேசாதீர்கள்,” என்றார். எங்கள் சபையார் சிலர் அதன்பின் நெடுநாள் அவரோடு முகங்கொடுத்துப் பேசவில்லை. சாயிபும் தம் மக்களிடையே, கிறித்தவர் மூன்று கடவுளரை வணங்குகின்றனர் என்று ஒருவர் சொன்னபோது, அவர்கள் ஒரே கடவுள் என்றுதான் சொல்கிறார்கள் என்று திருத்தி, அதற்காக ஏச்சும் கேட்டார். இருவரும் தத்தம் நம்பிக்கையில் ஓர் அணுவும் குறையவில்லை.

தந்தை மறைந்தபோது சாயிபு கல்லறைவரை வந்தார். உடலைக் கிடத்திய திசையைச் சற்று நேரம் நோக்கி நின்றார். “சார் கிழக்கே பார்த்து எழும்புவார். நான் மேற்கே பார்த்து எழும்புவேன். முகம் பார்த்துக்கொள்ளலாம்,” என்றார். சில ஆண்டுகளில் அவரும் மறைந்தார்.

அவர்களுடைய வழக்குகளை இன்று எண்ணிப் பார்க்கும்போது ஓர் உண்மை எனக்குத் தெளிவாகிறது. இயேசுவே மேசியா என்னும் வினாவில் கிறித்தவரும் இசுலாமியரும் ஒருபுறம். யூதர் தனித்து நிற்கின்றனர். மேசியா மனிதர் மட்டுமே என்னும் வினாவில் யூதரும் இசுலாமியரும் ஒருபுறம். கிறித்தவர் தனித்து நிற்கின்றனர். இயேசு சிலுவையில் இறந்தார் என்னும் வினாவில் யூதரும் கிறித்தவரும் ஒருபுறம். இசுலாமியர் தனித்து நிற்கின்றனர். வினாவை மாற்றினால் அணியும் மாறுகிறது. எந்த இருவரும் என்றைக்கும் ஓரணி இல்லை. எவரும் என்றைக்கும் தனியரும் இல்லை. ‘நாம்’ என்றும் ‘அவர்கள்’ என்றும் கோடு கிழிக்க விரும்புவோர் ஒரே ஒரு வினாவை மட்டும் பற்றிக்கொண்டு மற்றவற்றை மறைத்துவிடுகின்றனர்.

காத்திருப்பில் இடர்களும் உண்டு. கி.பி. 132-இல் உரோமரை எதிர்த்தெழுந்த பார் கோக்பாவை மேசியா என்று பேரறிஞர் அகிவாவே நம்பினார். 135-இல் அவ்வெழுச்சி பேரழிவில் முடிந்தது. 1665-இல் துருக்கிய ஆட்சிப் பகுதியில் சப்பத்தாய் செவி மேசியாவாக முழங்கப்பெற்றார். யூத உலகமே பொங்கி எழுந்தது. மறு ஆண்டு சுல்தானின் முன்னிலையில் அவர் இசுலாத்தைத் தழுவினார். நம் பக்கத்திலும் அத்தகைய நிகழ்ச்சி உண்டு. பாலக்காட்டுத் தமிழ் அந்தணர் குடும்பத்தில் பிறந்து, கிறித்தவ குருவாகி, வித்துவான் குட்டி என்று வழங்கப்பெற்ற ஜஸ்டஸ் ஜோசப், 1881-இல் கிறித்து மீண்டும் வருவார் என்று திருவிதாங்கூரில் அறிவித்தார். ஆண்டு கடந்தது, எதிர்பார்த்தது நிகழவில்லை. அவரைச் சார்ந்தோர் யூயோமயம் என்னும் தனி நெறியாகப் பிரிந்தனர். அதே 1881-இல்தான் சூடானில் முகம்மது அகமது தம்மை மஹ்தி என்று அறிவித்துப் போர் தொடங்கினார். நாள் குறிப்பதைக் கடிந்தோரும் மூன்று சமயங்களிலும் உளர். ஏமன் நாட்டு யூதருக்கு ஏறத்தாழ 1172-இல் விடுத்த மடலில் மைமோனிடசு அதனை எச்சரித்தார். அந்த நாளைத் தந்தை ஒருவரே அறிவார் என்பது இயேசுவின் கூற்று. அவ்வேளையின் அறிவு இறைவனிடமே உள்ளது என்பது குர்ஆனின் கருத்து.

இருந்தும் மக்கள் ஏன் நாள் குறிக்கின்றனர்? எங்கள் தென்திருவிதாங்கூர் வரலாறே விடை கூறும். ஒடுக்கப்பட்ட பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்குக்கூட 1859-ஆம் ஆண்டு அரச ஆணைவரை போராட வேண்டியிருந்த நாடு அது. அந்நாட்டில்தான் 1809-இல் பிறந்த அய்யா வைகுண்டர், 1833 முதல் கலியின் ஆட்சி முடிந்து தர்மயுகம் பிறக்கும் என்று போதித்தார். திருவிதாங்கூர் அரசின் சிறையையும் கண்டார். அவர் வழியினர் அவரை நாராயணரின் அவதாரம் என்று போற்றுவர். அது மேசியா நம்பிக்கை அன்று. அதன் வேர் வேறு. ஆனால் அது முளைத்த நிலம் ஒன்றே. நீதி மறுக்கப்பட்ட இடத்தில் நீதியின் அரசரை நோக்கிய ஏக்கம் பிறக்கிறது. அண்டை வீட்டார் எவரை எதிர்பார்க்கிறார் என்று அறிந்தால், அவருக்கு எது வலிக்கிறது என்பதையும் ஓரளவு அறியலாம்.

இதனைக் கூறும்போது எல்லாச் சமயமும் ஒன்றே என்று தட்டையாக்கிவிட நான் விரும்பவில்லை. அவ்வாறு சொல்வது எளிது. ஆனால் அதனால் எவரும் எவரையும் அறிவதில்லை. தமிழ் மரபு இதைவிடக் கடினமான வழியை நமக்குக் காட்டியுள்ளது. மணிமேகலைக் காப்பியத்தில் ‘சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதை’ என்று ஒரு பகுதி உண்டு. வஞ்சி மாநகரில் மணிமேகலை பல சமய அறிஞரை அணுகி, ஒவ்வொருவர் கொள்கையையும் அவரவர் வாயாலேயே கேட்கிறாள். அவற்றை ஏற்காமல்தான் மேலே செல்கிறாள். ஆயினும் கேட்ட பின்னரே செல்கிறாள். அருணந்தி சிவாசாரியார் பதின்மூன்றாம் நூற்றாண்டில் இயற்றிய சிவஞான சித்தியாரில் பிறர் கொள்கையை எடுத்துரைத்து ஆராயும் பரபக்கம் முதலில் நிற்கிறது; தம் கொள்கையை நிறுவும் சுபக்கம் அதன் பின்னரே வருகிறது. இவற்றையெல்லாம் அறியாமலே என் தந்தையும் சாயிபும் திண்ணையில் வகுத்துக்கொண்ட விதியும் இதுதான்.

அண்டை வீட்டாரை வதந்தியின் வாயிலாக அறிவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 1982-இல் மண்டைக்காட்டில் இந்துக்களுக்கும் கிறித்தவர்களுக்கும் இடையே மூண்ட கலவரம் எங்கள் பகுதியினர் மறக்க இயலாத பாடம். நெடுங்காலம் அடுத்தடுத்து வாழ்ந்தவர்கள் சில நாட்களில் அயலாராயினர்.

பிழைப்பின் பொருட்டு ஊரை விட்டு வந்த நம் குடும்பங்களுக்குத் திண்ணை இல்லை. அடுக்குமாடிக் கதவுகள் மூடியே இருக்கின்றன. பம்பாயில் யூதரோடும், வளைகுடாவில் இசுலாமியரோடும், வேறு நாடுகளில் இம்மூவரோடும் நம் பிள்ளைகள் ஒரே வகுப்பில் அமர்கின்றனர். ஆனால் ஒருவர் நம்பிக்கையை ஒருவர் அறிவது கைப்பேசியின் வழியாக, பெரும்பாலும் பகைவர் வாயிலாக. பேரனுக்கு நான் சொன்ன விடை நீண்டதன்று. “உன் தோழன் எதிர்பார்ப்பவர் பெயர் ஈஸா; அவர் மர்யமின் மகன். அவரைப் பற்றி அவன் நம்புவதும் நாம் நம்புவதும் வேறு. எங்கே வேறு என்று அவனிடமே கேட்டு, அவன் சொல்வதைத் திருப்பிச் சொல்லிப் பார். அவன் தலையசைக்கும்வரை சொல்,” என்றேன். அவர்கள் இன்னும் தோழர்களாகவே இருக்கிறார்கள்; மூன்று நாள் வாதாடினார்கள் என்றும் கேள்விப்பட்டேன்.

வருபவர் யார் என்பதை அவர் வரும் நாளே முடிவு செய்யும் என்று மூன்று சமயத்தாரும் நம்புகின்றனர். அதுவரை நமக்கு விடப்பட்டுள்ள வேலை சிறியது. வேணாட்டுச் செப்பேட்டில் தம் எழுத்தை மாற்றிக்கொள்ளாமலேயே அயலார் கோயிலுக்குச் சாட்சி நின்ற வணிகர் அதனைச் செய்தனர். நம் பிள்ளைகளும் தம் எழுத்தில் உறுதியாகக் கையொப்பமிடக் கற்கட்டும். அடுத்த கையொப்பத்தைப் படிக்கவும் கற்கட்டும்.